கைமாற்றுக் கணக்கு

பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் பக்கத்து ஜனங்களுக்கும், நடுராத்திரி கச்சேரி முடிந்து என் ஆம்ப்ளிஃபயரை மூன்றாவது மாடிக்குத் தூக்கிக் கொடுத்த அத்தனை தம்பிகளுக்கும் வணக்கம்.

கை தேறிவிட்டது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் யாரும் இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பதில்லை, நேராக இடது மணிக்கட்டைத்தான் பார்க்கிறீர்கள்.

போன வருஷம் முழுக்கக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போய்க் கிடந்தன. ராத்திரி எழுந்து கையை உதறினால்தான் உயிர் வரும். வயசு என்று விட்டுவிட்டேன். ஒரு கல்யாண ரிசப்ஷனில் என் பேஸ் கிடார், அதாவது பாட்டுக்கு அடியில் தாழ்ந்த சுரம் வாசிக்கும் கிடார், அதன் கம்பியை அழுத்துகிறேன், அழுத்தமே தெரியவில்லை. கீபோர்ட் வாசிக்கும் தம்பிதான் "மாஸ்டர், நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்" என்று கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போனான். கார்ப்பல் டனல் என்றார்கள். மணிக்கட்டில் ஒரு குறுகலான சந்து, அதற்குள் விரல் மடக்கும் நாண்களோடு நரம்பும் ஓடுகிறது; சந்து இறுகினால் நரம்பு நசுங்கும். மேலே கூரை மாதிரி குறுக்கே கிடக்கும் தசைநாரை அறுத்துவிட்டால் நரம்புக்கு மூச்சு வரும். அவ்வளவுதான் ஆபரேஷன். ஆனால் அதற்கும் காசு வேண்டும். நீங்கள் மொட்டைமாடியில் கச்சேரி வைத்து, ரிதம் பேட் பெட்டியை உண்டியலாக்கி, எனக்குத் தெரியாமலே கட்டிவிட்டீர்கள்.

அதற்கு நன்றி சொல்ல உட்கார்ந்தேன். எழுத எழுதத்தான் தெரிகிறது, நாற்பது வருஷத்துக்கு மேல் வாசித்ததில் சொந்தமாக வாங்கியது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லாம் கைமாற்று.

முதல் பேஸ் கிடார் எங்கள் மெல்லிசைக் குழு அண்ணனுடையது. கல்கத்தாவில் செய்தது. கழுத்து லேசாக வளைந்திருக்கும், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில், அதாவது ஃப்ரெட்களில், பன்னிரண்டாவதுக்கு மேல் போனால் சுருதி நிற்காது. நான் அதற்கு மேலே போனதே இல்லை. "கச்சேரி முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடு" என்றார். மறுநாளும் கச்சேரி இருந்தது. அப்படியே பதினோரு வருஷம். கம்பி அறுந்தால் மவுன்ட் ரோடு மியூசி மியூசிக்கல்தான். 1842-லிருந்து இருக்கிற கடை. அங்கே போனால் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் பேஸ்களை அரைமணி நேரம் பார்த்துவிட்டு ஒற்றைக் கம்பி மட்டும் வாங்கி வருவேன்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸும் எனக்குக் கைமாற்றாகத்தான் வந்தது. ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸ்களில் வாசித்துக்கொண்டிருந்த ஆங்கிலோ இந்திய அங்கிள் ஒருவர், மடி வாட்டர்ஸ் என்ற சிகாகோ ப்ளூஸ் பாடகரின் கேசட் கொடுத்தார். "பாட்டை விடு, அடியில பேஸ் வாசிக்கிறவனைக் கேள்" என்றார். அடியில் இருந்தவர் வில்லி டிக்சன். பார் என்றால் நான்கு அடி கொண்ட ஒரு தாள அளவு; பன்னிரண்டு பார் ஒரு வட்டம்: ஏ கார்டில் நான்கு, டி-யில் இரண்டு, மறுபடி ஏ-யில் இரண்டு, ஈ ஒன்று, டி ஒன்று, கடைசி இரண்டில் வீடு திரும்பிவிடலாம். "மூணே மூணு கார்டா? இதுக்காடா ராத்திரி பூரா உக்காந்திருக்க?" என்று குழு அண்ணன் சிரித்தார். வாசித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். ப்ளூஸின் அந்த ஆடி ஆடிப் போகும் ஷஃபிள் நடையைத் திஸ்ரம், அதாவது அடிக்கு மூன்று, என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் கணக்கு சரியாக இருக்கும், ஆட்டம் வராது. கொஞ்சம் சாய வேண்டும். எவ்வளவு என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியாது.

அங்கிள் குடும்பம் ஆஸ்திரேலியா போய்விட்டது. கேசட் என்னிடம்தான் இருக்கிறது. டேப் நைந்துவிட்டது. அங்கிள், எங்கே இருந்தாலும் மன்னிக்கணும்.

2011-இல் மும்பை மெஹபூப் ஸ்டுடியோவில் முதல் மஹிந்திரா ப்ளூஸ் திருவிழா நடந்தபோது எனக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது எங்கள் சவுண்ட் சர்வீஸ்காரர். அவருக்கு ப்ளூஸ் சுத்தமாகப் பிடிக்காது, "ஒரே பாட்டையே பாடுறாங்க" என்பார். பட்டி கை (Buddy Guy) என்ற ப்ளூஸ் கிடார் கலைஞரை நேரில் பார்த்தேன். திரும்பி வந்து மூன்று நாள் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அதைப் பொறுத்துக்கொண்ட என் மனைவிக்குத் தனி நன்றி. மற்றதை வீட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

2015 டிசம்பர் மழையில் குழு வேனில் ஸ்பீக்கரை இறக்கிவிட்டுத் தண்ணீர் கேனும் ரொட்டியும் ஏற்றிக்கொண்டு சைதாப்பேட்டை வரை போனோம். திரும்பி வந்தால், தரைத்தளத்தில் இறக்கி வைத்த என் ஆம்ப் முழங்கால் தண்ணீரில் நிற்கிறது. அடுத்த ஒரு வருஷம் மாதா கோயில் பாடகர் குழுவின் ஆம்பில்தான் வாசித்தேன். ஞாயிறு காலை ஜெபத்துக்கு முன்னால் திருப்பித் தர வேண்டும், சனி ராத்திரி எவ்வளவு நேரமானாலும். ஒருமுறை தூங்கிவிட்டேன். ஆர்கன் வாசிக்கும் ஆன்ட்டி அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது நானே சொல்லிவிட்டேன்.

ரத்த தானப் பட்டியலைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. ஒருவர் கொடுத்தால் ஆணுக்கு மூன்று மாதம், பெண்ணுக்கு நான்கு மாதம் இடைவெளி. யார் எப்போது தயார் என்று பாட்டு லிஸ்ட் நோட்டின் பின்பக்கம் எழுதி வைப்பது மட்டும்தான் என் வேலை. பிளேட்லெட் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது, சேர்த்து வைக்க முடியாத சரக்கு, அதனால் டெங்கு சீசனில் போன் ஓயாது. விடியற்காலை இரண்டு மணிக்கும் "எந்த ஆஸ்பத்திரி மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டுக் கிளம்பிய ஆட்டோ ஸ்டாண்ட் தம்பிகளே, நோட்டில் உங்கள் பெயர்தான் அதிகம். எனக்கு 65 முடிகிறது, இனி நான் கொடுக்க முடியாது. நோட்டை மருந்துக்கடைப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன். முன்பக்கத்துப் பாட்டு லிஸ்டை மட்டும் அவள் தயவுசெய்து திருத்தாமல் இருக்கட்டும்.

கடைசியாக, காலேஜ் படிக்கும் அந்தப் பாப்பா. என் பேஸில் கம்பி நீளம் முப்பத்து நான்கு அங்குலம். முதல் ஃப்ரெட் பக்கம் விரலை அகட்டினால் தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கிறது. தன்னுடைய முப்பது அங்குல பேஸைத் தூக்கி வந்து "அங்கிள், நீங்களே வெச்சுக்கோங்க" என்றாள். சும்மா வாங்க மாட்டேன், கைமாற்றாகத்தான் என்றேன். பழைய பேஸ் இப்போது அவளிடம்.

பேஸ் வாசித்த அந்த வில்லி டிக்சன் பாட்டும் எழுதியவர், தன் பாட்டுகளுக்கான ராயல்டிக்காகக் கோர்ட் ஏறியவர். பிறகு ப்ளூஸ் ஹெவன் என்று ஓர் அறக்கட்டளை தொடங்கி, மற்ற கலைஞர்கள் தங்கள் பங்கைப் பெற வழி செய்தார். அவர் 1992-இல் போன பிறகு, அவர் வாசித்த செஸ் இசைத்தட்டுக் கம்பெனியின் பழைய சிகாகோ கட்டடத்தையே அவர் மனைவி அதற்காக வாங்கினார். நம்மிடம் கட்டடம் இல்லை, என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஓர் அலமாரி இருக்கிறது. நீங்கள் போட்ட பணத்தில் மீந்ததற்கு இரண்டு கிடார், ஒரு சின்ன ஆம்ப், மூன்று கேபிள் வாங்கி அதில் வைத்திருக்கிறேன். எந்தப் பிள்ளை வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொண்டு போகலாம், பெயர் மட்டும் எழுதினால் போதும். ஆம்ப் மட்டும் ஞாயிறு காலைக்குள் திரும்பி வந்துவிட வேண்டும். மாதா கோயிலுக்கு இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.