கரமனை மாடியா, காரியவட்டமா?

அன்புள்ள லீலா,

கடிதம் கிடைத்தது. கவிதா பி.ஏ.வில் நல்ல மார்க் எடுத்ததும், அத்தை கண் ஆபரேஷனுக்குப் பிறகு தானே பேப்பர் வாசிப்பதும் கேட்டுச் சந்தோஷம். இங்கே திருவனந்தபுரத்தில் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துவிட்டது. துணி காய்வதே இல்லை. வீடு பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நீ கேட்டது இரண்டு. கவிதாவின் எம்.ஏ. தமிழுக்குப் பாளையத்து யூனிவர்சிட்டி காலேஜா, காரியவட்டத்துப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையா என்பது ஒன்று. கரமனையில் மைனி வீட்டு மாடி சும்மா கிடக்கிறதே, அதை எடுத்துவிடலாமா என்பது மற்றொன்று. முதலாவது முடிவாகாமல் இரண்டாவதற்குத் தலையாட்டிவிடாதே. சொந்தத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்பது எவ்வளவு சங்கடம் என்று உனக்குத் தெரியும்.

நம்ம குமரிக்காரர்கள் திருவனந்தபுரத்தில் வீடு தேடினால் கால் தானாகக் கரமனை, கிள்ளிப்பாலம், சாலை, பாப்பனங்கோடு, நேமம் என்றே போகும். தமிழ் காதில் விழும், சொந்தக்காரர் இருப்பார்கள், ஊருக்கு பஸ் ஏறவும் சுலபம். ஆனால் இதெல்லாம் நகரத்தின் தெற்கு முனை. காரியவட்டம் வடக்கு முனை. கரமனையிலிருந்து 15 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் தம்பானூர், பாளையம், பட்டம், கேசவதாசபுரம், உள்ளூர், ஸ்ரீகாரியம் என்று நெரிசல் உள்ள அத்தனை சந்திப்பையும் தாண்டி. காலை எட்டரைக்கு பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால் அதிர்ஷ்டம். பாளையம் என்றால் கதை வேறு. கரமனையிலிருந்து கிழக்கேகோட்டை வழியாக அரை மணிக்குள் போய்விடலாம். எனவே யூனிவர்சிட்டி காலேஜ் என்றால் மைனி வீடு, காரியவட்டம் என்றால் கண்டிப்பாக வேண்டாம். தமிழ் கேட்கிற தெரு எது என்று பார்க்காதே, பிள்ளை காலையில் எந்தத் திசைக்குப் போகிறாள் என்று பார்.

தினமும் மார்த்தாண்டத்திலிருந்தே போய் வரலாமா என்று உன் வீட்டுக்காரர் கேட்டதாக எழுதியிருந்தாய். பாளையத்துக்கு முடியும். குழித்துறையில் ரயில் ஏறினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டி ஒரு மணி நேரத்தில் திருவனந்தபுரம் சென்ட்ரல், அங்கிருந்து பத்து நிமிட பஸ். சீசன் டிக்கெட் மலிவு. ஆனால் அந்தப் பாதையில் ஒரு வண்டி எதிரே வந்தால் கிராசிங்குக்காக மற்றதை நிறுத்திப் போடுவார்கள். சீசனை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸ் முன்பதிவுப் பெட்டியிலும் ஏற முடியாது. பஸ் என்றால் பாலராமபுரம் சந்திப்பில் மாட்டிக்கொள்ளும். கரமனையிலிருந்து நாலுவழிச் சாலை போட்டுக்கொண்டு வந்தும் அந்த இடம் இன்னும் குறுகல்தான். காரியவட்டத்துக்குத் தினமும் போய் வருவதென்றால் ஒருவழிக்கே இரண்டரை மணி நேரம். படிக்கப் போகிற பிள்ளை பஸ்ஸிலேயே தூங்கிவிடும்.

படிப்பை வைத்துப் பார்த்தால் நான் காரியவட்டத்தைத்தான் சொல்வேன். பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனமும் ஓலைச்சுவடி நூலகமும் அதே வளாகத்தில் இருக்கின்றன. கவிதாவுக்குச் சுவடியில் ஆசை என்று நீதானே எழுதினாய். பாளையத்தின் பலம் வேறு. 1829-இல் தொடங்கிய ஸ்டேட் சென்ட்ரல் லைப்ரரியும் பல்கலைக்கழக நூலகமும் காலேஜிலிருந்து நடக்கிற தூரம். அங்கே சேர்ந்தால் அறையில் மேசை இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். காரியவட்டத்தில் மாலைக்கு மேல் வளாகத்தில் இருப்பது லேசில்லை. மரம் அடர்ந்த பெரிய இடம், ஏழு மணிக்கே இருட்டிவிடும். அதனால் அங்கே அறையில் மேசையும் நல்ல வெளிச்சமும் கட்டாயம்.

சேர்க்கை வழியும் ஒன்றல்ல. காரியவட்டத் துறைகளுக்கு நுழைவுத்தேர்வு உண்டு. காலேஜுக்குப் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் அலாட்மென்ட், பி.ஏ. மார்க்கை வைத்து. இரண்டுக்கும் போடச் சொல். ஒன்று மட்டும் முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்: நம்ம தமிழ்நாட்டு பி.சி. சர்டிபிகேட் கேரளத்து இடஒதுக்கீட்டில் செல்லாது, பொதுப் பட்டியலில்தான் பார்ப்பார்கள். கட்-ஆஃப் பார்க்கும்போது அந்த வரிசையையே பார். அப்புறம் காகிதம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலிருந்து வருவதால் டி.சி.யோடு, பல்கலைக்கழகம் மாறுவதற்கான மைக்ரேஷன் சர்டிபிகேட்டும் வேண்டும், அந்த டிகிரி இங்கே செல்லும் என்பதற்கான எலிஜிபிலிட்டி சர்டிபிகேட்டும் கேட்பார்கள். மைக்ரேஷன் வர நாளாகும், அலாட்மென்ட் வந்த பிறகு ஓடாமல் இந்த வாரமே விண்ணப்பிக்கட்டும். டி.சி. அசல் ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான்; இரண்டாவது அலாட்மென்டுக்குக் காத்திருக்கிற எண்ணம் இருந்தால் அதை எந்தக் கட்டத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள் என்று வாசித்துவிட்டுக் கொடுக்கட்டும்.

இனி காரியவட்டம் கிடைத்தது என்று வைத்தே எழுதுகிறேன். வளாக ஹாஸ்டலுக்கு முதலில் போடு. அதைவிட மலிவாக எதுவும் கிடைக்காது. ஆனால் இடம் ஒதுக்க நாளாகலாம், அந்த இடைவெளிக்கு வெளியே ஒரு அறை தேவை. காரியவட்டத்தைத் தாண்டி இருக்கிற கழக்கூட்டம் பக்கம் போகாதே. டெக்னோபார்க் வந்தபிறகு அங்கே வாடகையை ஐ.டி.க்காரர்கள்தான் தீர்மானிக்கிறார்கள், மூன்று பேர் சம்பளத்தைப் பங்கு போட்டுக் கொடுப்பதை ஒரு மாணவி கொடுக்க முடியாது. ஸ்ரீகாரியம், சாவடிமுக்கு, பாங்கப்பாறை வரிசையில் பார். உள்ளே செம்பழந்தி, பவுடிக்கோணம் பக்கம் இன்னும் குறையும், ஆனால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஸ்டாப்பில் நின்று கேட்டுவிட்டுத்தான் பேசவேண்டும். இன்னொரு பொறி: கழக்கூட்டம் என்று போர்டு போட்ட பஸ் எல்லாம் காரியவட்டம் போகாது. பைபாஸ் வழி, அதாவது சாக்கை வழியாகப் போகிற வண்டி வளாகத்தைத் தொடாமலே கழக்கூட்டம் போய்விடும். ஸ்ரீகாரியம் வழி என்றால்தான் ஏறவேண்டும். போர்டு மலையாளத்தில் இருக்கும். கவிதா இந்த ஒரு மாதத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகினால் பெரிய உபகாரம்.

முதல் மாதம் லேடீஸ் ஹாஸ்டல் எடுத்துவிட்டு, இடம் பழகியபின் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து வீடு பார்ப்பதே உசிதம். ஹாஸ்டலில் வாடகையைவிட மெஸ் கணக்கை விசாரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பித் திங்கள் காலை திரும்பினால் வெள்ளி இரவு முதல் ஞாயிறு இரவு வரை வாரத்துக்கு ஏழு வேளை போகிறது. மாதத்தில் தொண்ணூறு வேளைக்கு ஏறத்தாழ முப்பது. அதற்கு மெஸ் கட், அதாவது சாப்பிடாத வேளைக்குக் கழிவு, தருவார்களா, ஓணம், கிறிஸ்துமஸ் லீவுக்குத் தருவார்களா? இல்லை என்றால் சாப்பாடு தனி, அறை தனி என்று வைத்திருக்கும் இடமே லாபம். எத்தனை பேருக்கு ஒரு கக்கூஸ், கட்டிலுக்குக் கட்டில் பிளக் பாயின்ட் உண்டா, மழையில் துணி காயப்போட மேற்கூரை உள்ள இடம் உண்டா, இரவு கேட் பூட்டினால் சாவி யாரிடம், மாடிக்கு ஒரே படிதானா: இவ்வளவையும் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து கேட்காமல், ஏறிப் போய்ப் பார். இங்கே போடுகிற சம்பாச் சோறு, அதாவது சிவப்பரிசிச் சோறு, நம்ம பிள்ளைக்குப் புதிதில்லை. மதுரை, கோவைப் பிள்ளைகள்தான் முழிப்பார்கள்.

வீடு என்றால் மழைநாளில் பார் என்றதற்குக் காரணம் உண்டு. கூரை ஒழுகலும் சுவர் ஓதமும் இப்போதுதான் தெரியும். ஜனவரியில் புதுப் பெயின்ட் எல்லாவற்றையும் மறைத்துவிடும். அலமாரியைத் திறந்து மோந்து பார், பூஞ்சை வாடை இருந்தால் புத்தகம் கெடும். மதில்சுவரில் முழங்கால் உயரத்தில் சேற்றுக் கோடு தெரிகிறதா என்றும் பார். 2023 அக்டோபர் மழையில் தெற்றியாறு தோடு (ஓடை) பெருகிக் கழக்கூட்டம் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. நகரத்துக்குள் ஆமையிழஞ்சான் தோட்டை ஒட்டிய தாழ்ந்த இடங்களும் கௌரீசபட்டமும் அப்படித்தான். துலாம் மழை, அதாவது ஐப்பசி மழை, இடவப்பாதியைவிடப் பொல்லாதது, இரண்டு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும்.

தண்ணீர் குழாயா கிணறா என்று கேள். கிணறு என்றால் செப்டிக் டாங்கிலிருந்து குறைந்தது 7.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அஞ்சு சென்டில் நெருக்கிக் கட்டிய வீடுகளில் உன் வீட்டுக் கிணறு சரியாக இருந்தாலும் பக்கத்து வீட்டுக் குழி மதிலுக்கு அந்தப்புறம் இருக்கும், அதையும் எட்டிப்பார்.

கரன்ட் விஷயத்தில்தான் நம்ம ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறுவது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இவ்வளவு யூனிட் இலவசம் என்று பழகிவிட்டோம்; இங்கே எல்லோருக்கும் அது இல்லை. பில் இங்கேயும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். மாதம் 250 யூனிட், அதாவது ஒரு பில்லில் 500 வரை படிப்படியாக ரேட் கூடும். அதைத் தாண்டினால் படியே கிடையாது, முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த ரேட். கீழே ஓணர், மேலே இரண்டு வாடகைக் குடும்பம், மூன்றுக்கும் ஒரே மீட்டர் என்று வை. ஒரு பில்லுக்கு வீட்டுக்கு 200 யூனிட்தான் செலவு, யாரும் அதிகம் எரிக்கவில்லை. ஆனால் கூட்டினால் 600. மூன்று பேருமே அதிக ரேட்டில் கட்டுவார்கள், பழி மேலே இருக்கிற மாணவிகள் தலையில் விழும். எனவே கரன்ட் போர்டின் தனி மீட்டர் இருக்கிற வீட்டை எடு. ஓணரே வைத்த சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கு. 1,500 வாட் இண்டக்ஷன் அடுப்பு நாளைக்கு ஒரு மணி நேரம் எரிந்தாலே ஒரு பில்லுக்கு 90 யூனிட் ஆகும். அதற்குப் பதில் 5 கிலோ சின்ன சிலிண்டர் வாங்கலாம். அடையாள அட்டை போதும், விலாசச் சான்று கேட்பதில்லை. குடியேறுகிற அன்று மீட்டரை போனில் படம் எடுத்து ஓணருக்கே அனுப்பிவிடுங்கள்.

எச்சில், காய்கறித் தோலை எங்கே போடுவது என்றும் கேட்டுவை. பிளாஸ்டிக்கை, வீடு வீடாகக் குப்பை எடுக்க வருகிற ஹரித கர்ம சேனைக்காரர்கள் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு எடுத்துப் போவார்கள். ஈரக் குப்பை வீட்டுக்காரர் பொறுப்பு. அதை உரமாக்குகிற கிச்சன் பின் உண்டா, யார் கிளறுவது என்று தெரியாமல் போனால் நாலு பிள்ளைகளுக்குள் முதல் சண்டை அதில்தான் வரும்.

பணம். ஓஎல்எக்ஸிலோ வாட்ஸாப்பிலோ படம் காட்டி, "டோக்கன் ஜீபே பண்ணினால் சாவி எடுத்து வைக்கிறேன்" என்றால் அது திருட்டு. அட்வான்ஸ் இடத்துக்கு இடம் மாறும். இரண்டு மாதத்தோடு நிறுத்துகிறவர்களும் உண்டு, ஐந்து மாதம் கேட்கிறவர்களும் உண்டு, பேசினால் குறையும். ஒப்பந்தம் 11 மாதத்துக்குத்தான் போடுவார்கள். ஒரு வருஷத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பதால். காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், பெயின்ட் அடிக்க என்று பிடிப்பார்களா, நடுவில் ஒரு பிள்ளை விலகினால் மற்றவர்கள் அவள் பங்கையும் கட்டவேண்டுமா, இந்த மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். வாடகை பாங்க் வழியாகவே போகட்டும். "பணயம்" என்று சொன்னால் நம்ம ஒத்திதான்: மொத்தப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் இருப்பது. இரண்டு வருஷப் படிப்புக்கு அது வேண்டவே வேண்டாம். வீட்டின்மேல் பாங்க் கடன் இருந்தால் உன் லட்சங்கள் அதற்குப் பின்னால்தான் நிற்கும். வில்லங்கச் சான்று பார்க்காமல் ஒத்திப் பேச்சே எடுக்காதே.

பார்க்க வருவதானால் ஞாயிற்றுக்கிழமை வராதே. ரோடு காலியாக இருக்கும், எல்லா வீடும் பக்கம் போலத் தோன்றும். வேலை நாளில் வந்து, காலை எட்டரைக்கு அந்த ஸ்டாப்பில் நின்று பஸ் ஏறிப் பாருங்கள். சாயங்காலம் ஏழுக்கு மறுபடி ஸ்டாப்பிலிருந்து வீடு வரை நடங்கள். தெருவிளக்கு எரிகிறதா, நாய்க்கூட்டம் உண்டா என்பது அப்போதுதான் தெரியும். முந்தின ராத்திரி இங்கே வந்து தங்கிவிடுங்கள். ஸ்ரீகாரியத்தில் இரண்டு ஹாஸ்டலும் சாவடிமுக்கில் ஒரு வீடும் விசாரித்து வைக்கிறேன். நுழைவுத்தேர்வு ஹால் டிக்கெட் வந்ததும் தேதி சொல், அதை ஒட்டியே வைத்துக்கொள்ளலாம். மைனியிடம் இப்போதைக்கு, அலாட்மென்ட் வரட்டும் என்று மட்டும் சொல்லிவை.

அன்புடன்,
சாந்தி