முதல் பதிப்பையே மறுபடி அச்சடிக்காதீர்கள்: சின்னோ ரீமேக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மார்ச் 2021

ஐஎல்சிஏ நிறுவனத்தின் உருவாக்கக் குழுவுக்கும், போக்கிமான் கேம்களை உருவாக்கும் கேம் ஃப்ரீக் நிறுவனத்தின் தரப்பில் உடன் இயக்கும் ஜூனிச்சி மசூடா அவர்களுக்கும்,

வணக்கம்.

பிப்ரவரி 26 அன்று, சின்னோ என்ற கற்பனை நிலத்தில் நடக்கும் பழைய நின்டெண்டோ டிஎஸ் கேம்களை ஸ்விட்ச் கருவிக்காகப் புதிதாகச் செய்யும் ரீமேக்குகளான 'போக்கிமான் பிரில்லியன்ட் டைமண்ட்', 'ஷைனிங் பேர்ல்' அறிவிப்பு வந்த கையோடு ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். பெரிய தலையும் குட்டை உடம்புமாக நடந்துவரும் பொம்மை உருவங்கள் அழகா, அசிங்கமா என்பதுதான் சண்டை. அதில் எங்களுக்கு அக்கறை குறைவு. டிஎஸ் திரையில் ஓடியவையும் கிட்டத்தட்ட அதே அளவு உருவங்கள்தாம். முப்பரிமாணத்தில் வரும்போது கொஞ்சம் துருத்திக்கொண்டு தெரிகின்றன, அவ்வளவே. போர்க்காட்சியில் அவை முழு உயரத்துக்கு வந்துவிடுவதை ட்ரெய்லரிலேயே காட்டிவிட்டீர்கள்.

எங்களை உறுத்துவது வேறு. ஊர்கள், பாதைகள் ஆகியவற்றின் அளவு உட்பட அசலைக் கவனமாகக் காப்பாற்றியிருப்பதாகச் சொல்கிறீர்கள். எந்த அசலை? 2006 செப்டம்பர் 28-இல் ஜப்பானில் வந்த டைமண்ட், பேர்லையா? 2008 செப்டம்பர் 13-இல் வந்த பிளாட்டினத்தையா? இரண்டும் ஒரே சின்னோதான். ஆனால் முதலில் வந்ததில் இருந்த கோளாறுகளை உட்கார்ந்து சரிசெய்து வெளியிட்டதுதான் பிளாட்டினம். திருத்திய இரண்டாம் பதிப்பு அலமாரியில் இருக்கும்போது, முதல் பதிப்பை அதன் அச்சுப்பிழைகளோடு அப்படியே மறுபடி அச்சடிப்பதை விசுவாசம் என்று எங்களால் ஏற்க முடியவில்லை.

எடுத்துக்காட்டுக்கு நெருப்பு வகையை எடுத்துக்கொள்ளுங்கள். டைமண்ட், பேர்லின் சின்னோ டெக்ஸில், அதாவது அந்த நிலத்துப் போக்கிமான் பட்டியலில், மொத்தம் 151 போக்கிமான். அதில் நெருப்பு வகைக் குடும்பங்கள் இரண்டே இரண்டு: சிம்சார், போனிடா. தொடக்கத்தில் தரப்படும் மூன்றில் சிம்சாரை விட்டு டர்ட்விக்கையோ பிப்லப்பையோ தேர்ந்தெடுத்தவருக்குக் கதை முடியும்வரை போனிடாதான் கதி. இந்தப் பஞ்சம் ஆட்டக்காரரோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கதையின் இறுதியில் எதிர்கொள்ளும் நால்வர் குழுவான எலைட் ஃபோரில் நெருப்பு நிபுணராக நிற்கும் ஃப்ளின்ட்டின் அணியைப் பாருங்கள்: ராபிடாஷ், இன்ஃபர்னேப், அப்புறம் ஸ்டீலிக்ஸ், ட்ரிஃப்ப்ளிம், லோபன்னி. ஐந்தில் மூன்று நெருப்பே கிடையாது. சன்னிஷோர் ஊரின் ஜிம்மில் (ஆட்டக்காரர் வென்று பேட்ஜ் வாங்கும் சவால் கூடம்) மின்சார லீடராக இருக்கும் வோல்க்னரிடம் ஆம்பிபாமும் ஆக்டில்லரியும் இருக்கின்றன. மீன்பிடித் தூண்டிலில் சிக்கும் ஆக்டில்லரிக்கு மின்சார ஜிம்மில் என்ன வேலை என்று சின்னப் பிள்ளையும் கேட்கும்.

பிளாட்டினம் டெக்ஸை 210 ஆக்கியதும் இந்தச் சிக்கல் தானாகவே தீர்ந்துவிட்டது. ஃப்ளின்ட்டுக்கு ஹவுண்டூம், ஃப்ளேரியான், மேக்மார்ட்டர் வந்தன. வோல்க்னருக்கு ஜோல்டியானும் எலெக்டிவையரும் வந்தன. நீங்கள் புதிதாக எதையும் யோசிக்க வேண்டியதில்லை. அந்த 210 பட்டியலையும் அந்த அணிகளையும் எடுத்து வைத்தால் போதும். 151-ஐயே வைத்துக்கொள்ளத்தான் போகிறீர்கள் என்றால், மேக்மரும் எலெக்டபஸ்ஸும் ஹவுண்டவரும் கதை நடக்கும்போதே பிடிக்கும்படி எங்காவது ஓரிடத்தில் விடுங்கள். கதை முடிந்து, மற்ற நிலங்களின் போக்கிமானும் அடங்கிய நேஷனல் டெக்ஸ் கைக்கு வந்த பிறகு கொடுத்தால் அணி அமைக்க அவை உதவாது.

இரட்டைக் கேம்களுக்குப் பின் வரும் மூன்றாவது பதிப்பிலிருந்து எடுப்பது ரீமேக் மரபுக்குப் புதிதும் இல்லை. 2009-இல் வந்த ரீமேக்குகளான ஹார்ட்கோல்ட், சோல்சில்வர் இரண்டும், மூன்றாம் பதிப்பான கிறிஸ்டலில் இருந்த சுயிகுன் என்ற புராணப் போக்கிமானின் கதையை உள்ளே கொண்டுவந்தன. மறுபக்கம், 2014-இல் வந்த ரீமேக்குகளான ஒமேகா ரூபி, ஆல்ஃபா சஃபயரில், மூன்றாம் பதிப்பான எமரால்டின் பேட்டில் ஃப்ரன்டியர் என்ற போர்ப் போட்டி வளாகம் வரவில்லை. அதன் மாதிரிப் பொம்மையை மட்டும் ஒரு மேடையில் வைத்துக் காட்டினார்கள். அந்தக் கோபம் ரசிகர்களிடம் இன்னும் ஆறவில்லை. பிளாட்டினத்தின் ஃப்ரன்டியரில் டவர், ஃபேக்டரி, ஆர்கேட், காசில், ஹால் என்று ஐந்து கூடங்கள் இருந்தன. ஐந்தையும் தர முடியாவிட்டால் ஃபேக்டரியையாவது கொடுங்கள். வாடகை போக்கிமானை வைத்து ஆடுவதால், வளர்க்க நேரம் இல்லாதவரும் அங்கே சமமாக ஆடலாம். பிளாட்டினத்தில் வரும் தலைகீழ் உலகமான டிஸ்டார்ஷன் வேர்ல்டைப் பற்றித் தனியே எழுத வேண்டியதில்லை. கிராடினா என்ற புராணப் போக்கிமானுக்கு ஒரு கதை கிடைத்ததே அங்கேதான். டைமண்ட், பேர்லில் அது டர்ன்பேக் குகையின் மூலையில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

அடுத்தது கீழ்த்திரை. டிஎஸ்ஸுக்கு இரண்டு திரை, ஸ்விட்சுக்கு ஒன்று. கதாபாத்திரத்தின் கைக்கடிகாரமான போக்கெட்ச்சின் 25 செயலிகளும் கீழ்த்திரையில் எப்போதும் திறந்தே கிடந்தன. அதனால்தான் அவை பயன்பட்டன. போக்கிமான் காப்பகத்தைக் கண்காணிக்கும் டே-கேர் செக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை வந்துவிட்டதா என்று சைக்கிள் ஓட்டிக்கொண்டே பார்ப்பதற்கான கருவி அது. பொத்தானை அழுத்தினால் ஆட்டம் நின்று முழுத்திரையாகத் திறக்கும் என்று வைத்தால் அதற்குப் பொருளே இல்லை. மூலையில் சிறியதாக, ஆட்டம் நிற்காமல், ஒரு பொத்தானில் தோன்றி மறைய வேண்டும். போக்கே ரேடார் கருவியை வைத்து ஒரே போக்கிமானைச் சங்கிலியாகத் தொடர்ந்து சந்தித்து, ஷைனி எனும் அரிய நிறப் போக்கிமானைத் தேடுபவருக்குச் சங்கிலி எண்ணிக்கையைக் காட்டிய ட்ரெய்னர் கவுன்ட்டரும் அப்படித்தான். 40-ஐத் தொடும் சங்கிலியில் 37-ஆ 38-ஆ என்று மெனுவுக்குள் போய்ப் பார்க்கச் சொன்னால் கைகள் நடுங்கும்.

ஆட்டக்காரர்கள் சந்திக்கும் நிலத்தடிச் சுரங்கமான அண்டர்கிரவுண்டில் இன்னும் பெரிய சிக்கல் இருக்கிறது. ஸ்பிரிடோம்ப் என்ற போக்கிமான் வேண்டும் என்றால் விசித்திரமான ஒரு கல்லை, ஆட் கீஸ்டோனை, 209-ஆம் பாதையில் உள்ள இடிந்த கோபுரத்தில் வைக்க வேண்டும். பிறகு அண்டர்கிரவுண்டுக்குள் மற்ற ஆட்டக்காரர்களோடு 32 முறை பேச வேண்டும். 2006-இல் அது டிஎஸ்ஸின் உள்ளூர் வயர்லெஸ்ஸில் மட்டுமே நடக்கும். பக்கத்தில் இன்னொரு டிஎஸ்ஸும் இன்னொரு கேமும் இல்லாத ஊரில் அந்தக் கல் கோபுரத்திலேயே கிடக்க வேண்டியதுதான். இத்தனைக்கும் கதையின் கடைசி எதிரியான சாம்பியன் சிந்தியா முதலில் இறக்குவதே ஸ்பிரிடோம்பைத்தான். எதிரியிடம் பார்த்ததை ஆட்டக்காரர் சொந்தமாக்கிக்கொள்ள ஒரு வழி வேண்டாமா? இணையம் வழியாக ஆள் சேர்த்தால் பாதி தீரும். மீதிக்கு, சுரங்கத்தில் நடமாடும் கணினிப் பாத்திரங்களோடு பேசுவதையும் அந்த 32-இல் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளுக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு வைத்தாலும் சரி.

சுவர் தோண்டும் ஆட்டம் தொடுதிரைக்காகவே செய்யப்பட்டது. சுத்தியல் பரவலாக உடைக்கும், பிக்காசு குறுகலாகக் கொத்தும். இரண்டையும் மாற்றி மாற்றி அடித்து, சுவர் சரிவதற்குள் புதைபடிவத்தை முழுதாக வெளியே எடுக்க வேண்டும். ஸ்விட்சை டாக்கில் வைத்தால் தொடுதிரை கிடையாது. குச்சியால் கட்டம் கட்டமாக நகர்த்த வேண்டிவரும்போது, கர்சர் ஒட்டிக்கொண்டு வழுக்கினால் தவறான கட்டத்தில் சுத்தியல் விழும். கட்டத்தைக் கோடு போட்டுக் காட்டுங்கள். கருவி மாற்றத்துக்கு ஒரே பொத்தான் போதும்.

அடுத்தது ஃபீபாஸ் என்ற அரிய மீன் போக்கிமான். இந்த மடலை எழுதத் தூண்டியதே அதுதான் என்றாலும் தவறில்லை.

மவுண்ட் கொரொனெட்டின் அடித்தள ஏரியில் தூண்டில் போடக்கூடிய கட்டங்கள் 528. அதில் நான்கே நான்கில்தான் ஃபீபாஸ் கிடைக்கும். அந்த நான்கும் நாளுக்கு நாள் மாறும். ஒரு கட்டத்தில் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு நகரவும் முடியாது. சரியான கட்டத்திலேயே வேறு மீன் வரலாம் என்பதால் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று முறையாவது போட்டுப் பார்க்க வேண்டும். அன்றைக்குள் முடிக்காவிட்டால் மறுநாள் முதலிலிருந்து. இந்தத் தேடல் அப்படியே இருக்கட்டும். இதில் ஒரு குரூரமான சுவாரசியம் இருக்கிறது, அதை யாரும் கேட்டு மாற்றக்கூடாது.

மாற்ற வேண்டியது அதற்குப் பிறகு வருவது. ஃபீபாஸ் மைலோடிக்காகப் பரிணமிக்க அதன் அழகு மதிப்பு 170-ஐத் தொட்ட பிறகு ஒரு லெவல் ஏற வேண்டும். அழகை ஏற்ற வழி, உலர்சுவைப் பெர்ரியால் செய்த பாஃபின் என்ற தின்பண்டம். பாஃபின் செய்யும்போது மாவைக் கிண்டும் வேகம் முக்கியம். தொடக்கத்தில் வேகமாகக் கிண்டினால் சிந்தும். இறுகிய பிறகு மெதுவாகக் கிண்டினால் அடிப்பிடிக்கும். நடுநடுவே அம்புக்குறி திசை மாறும். சிந்தியதும் அடிப்பிடித்ததும் சேர்ந்து பாஃபினின் தரத்தைக் குறைக்கும். போதாக்குறைக்கு, ஃபீபாஸின் இயல்பும் குறுக்கே வரும். மாடஸ்ட், மைல்ட், கொயட், ராஷ் இயல்புகளுக்கு உலர்சுவை பிடிக்கும், அழகு கூடுதலாக ஏறும். அடமன்ட், இம்பிஷ், ஜாலி, கேர்ஃபுல் இயல்புகளுக்குப் பிடிக்காது, குறைவாக ஏறும்.

பொறி இருப்பது கடைசியில். ஒவ்வொரு பாஃபினும் பளபளப்பு என்ற இன்னொரு அளவையும் ஏற்றுகிறது. அது 255-ஐ எட்டிவிட்டால் அந்தப் போக்கிமான் இனிமேல் பாஃபினே சாப்பிடாது. அழகு 160-இல் நிற்கும்போது பளபளப்பு நிரம்பினால் அந்த ஃபீபாஸ் அந்த கேமில் என்றைக்கும் மைலோடிக் ஆகாது. எச்சரிக்கை கிடையாது, எண்ணைக் காட்டும் திரை கிடையாது, திரும்பிப் போகும் வழியும் கிடையாது. விவரம் தெரியாத சிறுவர்கள் முதலில் செய்வது என்ன? கைக்கு வந்த பெர்ரியையெல்லாம் போட்டுச் சமைத்து ஊட்டுவதுதான். அதாவது, பாசமாக ஊட்டினவர்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்.

இதற்கான மருந்து தொடரிலேயே இருக்கிறது. ஐந்தாம் தலைமுறையிலிருந்து பிரிசம் ஸ்கேல் என்ற பொருளைக் கையில் கொடுத்துப் பரிமாற்றம் செய்தால் ஃபீபாஸ் மைலோடிக் ஆகிவிடும். அழகு வழியை முதல் வழியாக வைத்துக்கொண்டு, பிரிசம் ஸ்கேலை இரண்டாவது வழியாகச் சேருங்கள். அதை அண்டர்கிரவுண்டில் தோண்டி எடுக்கும்படி வைத்தால் இன்னும் பொருத்தம்.

மரம் வெட்ட, நீரில் போக என்று வழி திறக்கும் எச்எம் நகர்வுகள் பற்றிச் சுருக்கமாக. கட், ஃப்ளை, சர்ஃப், ஸ்ட்ரெங்த், டிஃபாக், ராக் ஸ்மாஷ், வாட்டர்ஃபால், ராக் கிளைம்ப்: மொத்தம் எட்டு. ஆறு போக்கிமானுக்கு நான்கு நகர்வு வீதம் 24 இடம். அதில் மூன்றில் ஒரு பங்கு வழி திறக்கவே போய்விடுகிறது. கற்றதை மறக்கடிக்கக் கனலேவ் ஊருக்குத்தான் போக வேண்டும். விளைவு எல்லோருக்கும் தெரியும்: பல எச்எம்மைக் கற்கக்கூடிய பிபாரெல் ஒன்றைப் பிடித்துச் சுமைதூக்கியாக அணியில் வைத்துக்கொள்வது. டிஃபாக் இல்லாமல் 210-ஆம் பாதையின் மூடுபனிக்குள் போனால் போரில் குறி ஐந்தில் மூன்று பங்காகக் குறையும். அதனால் அதையும் விட முடியாது. சன், மூன் கேம் ஜோடி இந்தப் பாரத்தை 2016-இலேயே இறக்கி வைத்துவிட்டது. பேட்ஜ் கிடைத்ததும் அந்தத் திறன் அணியைத் தொடாமல் வேலைசெய்யட்டும். சுமை தூக்கியே களைத்த பிபாரெலும் உங்களை வாழ்த்தும்.

லெவல் கணக்கில் மட்டும் கத்தியைக் கவனமாக வையுங்கள். டைமண்ட், பேர்லில் எட்டாவது லீடர் வோல்க்னரின் பெரிய போக்கிமான் லக்ஸ்ரே, லெவல் 49. சிந்தியாவின் கார்ச்சோம்ப் 66. இடையில் 17 லெவல் ஏற ஆட்டக்காரருக்கு இருப்பது விக்டரி ரோடும் அதைச் சுற்றிய சில போர்களும்தான். பிளாட்டினம் கார்ச்சோம்பை 62-க்கு இறக்கி இதைச் சமன்செய்தது. இப்போது, போரில் கிடைக்கும் அனுபவப் புள்ளியை அணி முழுவதுக்கும் பகிரும் எக்ஸ்பி ஷேர் வேறு சேர்கிறது. 2019-இன் 'ஸ்வோர்ட்', 'ஷீல்ட்' கேம்களில் போல அதை அணைக்கவே முடியாதபடி எல்லோருக்கும் பகிர்ந்தால், அந்த ஏற்றம் தட்டையாகிவிடும். 2006-இன் லெவல்களை வைத்துக்கொண்டு 2019-இன் அனுபவப் புள்ளியைக் கொட்டினால் நான்காவது ஜிம்மிலேயே அணி பழுத்துவிடும். அணைக்கும் சுவிட்ச் ஒன்று போதும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். சின்னோ முதலில் வந்தபோது ஃபேரி வகை கிடையாது. அது 2013-இல்தான் வந்தது. 2006-இல் ஸ்பிரிடோம்புக்குப் பலவீனமே இல்லை. இன்று ஃபேரி அதைத் தாக்கும். கார்ச்சோம்பையும் அதே ஃபேரி இரண்டு மடங்கு அடிக்கும். சிந்தியாவின் பழைய அணியை ஒரு எழுத்தும் மாற்றாமல் இறக்கினால், அது பழைய சிந்தியாவாக இருக்காது, பலவீனமான சிந்தியாவாகத்தான் இருக்கும். கார்ச்சோம்புக்குப் பாய்சன் ஜாப் கற்றுக்கொடுங்கள். கையில் பிடிக்கும் பொருளும் முறையான இயல்பும் கொடுங்கள். அந்தப் பியானோ இசை ஒலிக்கும்போது ஆட்டக்காரருக்கு வயிற்றைக் கலக்க வேண்டும்.

ஆட்டோ சேவ் வசதியை அணைக்கவும் வழி விடுங்கள். டயால்கா என்ற புராணப் போக்கிமானுக்கு முன்னால் சேவ் செய்துவிட்டு ஷைனிக்காகத் திரும்பத் திரும்ப ரீசெட் செய்பவர்களுக்கு, தவறான நொடியில் விழும் ஒரு தானியங்கி சேவ் பல நாள் உழைப்பைக் கெடுத்துவிடும்.

ஆர்சியஸ் என்ற புராணப் போக்கிமானைச் சந்திக்கத் தேவையான புல்லாங்குழல், அஸூர் ஃப்ளூட், அந்த டிஎஸ் கேம்களுக்குக் கடைசிவரை வெளியாகவே இல்லை. ஹால் ஆஃப் ஆரிஜின் என்ற அந்த இடம் மட்டும் காட்ரிட்ஜுக்குள் பூட்டிக் கிடந்தது. ஜப்பானிய முதல் வெளியீட்டில் ஒரு நிரல் பிழையைப் பயன்படுத்தி எலைட் ஃபோர் அறையின் கதவை நோக்கி சர்ஃப் போட்டு, இருட்டு வெளியில் அடி எண்ணி நடந்து டார்க்ராய் என்ற போக்கிமானைத் தேடிப் போனார்கள் என்றால், பூட்டிய கதவுகள் மேல் எவ்வளவு ஏக்கம் இருந்தது என்று பாருங்கள். அடுத்த ஆண்டு 'லெஜண்ட்ஸ் ஆர்சியஸ்' வரவிருக்கிற வேளையில் அந்தப் புல்லாங்குழலைக் கதை முடித்தவர் கையில் கொடுப்பதில் என்ன தடை? தேதி வைத்த விநியோகம் வேண்டாம். விநியோகம் முடிந்தபின் வாங்குபவருக்கும் கதவு திறக்க வேண்டும்.

இப்படிக்கு,
சின்னோவை இரண்டு பதிப்பிலும் ஆடி முடித்த ரசிகர்கள்

பி.கு.: டைமண்ட், பேர்லில் எச்பி (உயிர்ப் புள்ளி) கோடு இறங்கும் வேகத்தைத் தயவுசெய்து காப்பாற்ற வேண்டாம். லெவல் 100-இல் ப்ளிஸ்ஸியின் எச்பி 714 வரை போகும். அது முழுதாக இறங்கி முடிவதற்குள் ஒரு டம்ளர் தேநீர் ஆறிவிடும். சர்ஃப் வேகத்தைப் பிளாட்டினத்தில் நீங்களே கூட்டிவிட்டீர்கள், அதற்குக் கீழே போகாதீர்கள்.