பேனிக் அட்டாக் நாள்களில் உடனிருந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

கடந்த ஓராண்டாகப் பேனிக் அட்டாக்குடன், அதாவது காரணமின்றித் திடீரென வந்து தாக்கும் கடும் பயத்துடனும் படபடப்புடனும், வாழப் பழகிவரும் எனக்குத் துணைநின்ற உங்கள் ஒவ்வொருவரையும் நேரில் கண்டு நன்றி சொல்வதே முறை. உங்களுள் சிலருடைய பெயரைக்கூட நான் கேட்டறியவில்லை என்பதால் இம்மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் அன்றிரவு பணியிலிருந்த இளம் மருத்துவருக்கு. மாரடைப்பென்றே நம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த என்னை, ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தபோதிலும், "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று நீங்கள் அனுப்பிவிடவில்லை. வேறிடங்களில் அந்தச் சொற்களைக் கேட்டுத் திரும்பும் வழியிலேயே மறுபடி படபடப்புக்கு ஆளானவள் நான். எதிரே ஆபத்து ஏதும் இல்லாதபோதும் உடல் அட்ரினலினைச் சுரந்து ஓடவோ போராடவோ ஆயத்தமாகிவிடுகிறது என்றும், வேகவேகமாக மூச்சு வாங்குவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்தே விரல்நுனியும் உதடும் மரத்துப்போகின்றன என்றும், இந்தப் பேனிக் அட்டாக் பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் தானாகவே தணிந்துவிடும் என்றும் நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். தைராய்டு பரிசோதனைக்கும் மனநலப் பிரிவுக்கும் சீட்டு எழுதித் தந்ததும் நீங்கள்தாம்.

மாத்திரையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நடுவில் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவைத்த மனநல மருத்துவருக்கும் நன்றி. அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் இரண்டாம் வாரமே மாத்திரையைத் தூக்கி எறிந்திருப்பேன்.

உளவியலாளர் அம்மா, உங்களுக்குத்தான் நான் மிகவும் கடன்பட்டிருக்கிறேன். பயத்தை விரட்டும் வழியைக் கேட்டு வந்த என்னிடம், விரட்ட வேண்டாம், வரட்டும் என்றீர்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் கிளேர் வீக்ஸ் 1960-களிலேயே கற்பித்த எதிர்கொள்ளுதல், ஏற்றுக்கொள்ளுதல், மிதத்தல், காலம் கடக்க விடுதல் என்ற நான்கு படிகளைச் சொன்னபோது, மிதத்தல் என்பதுமட்டும் எனக்கு விளங்கவில்லை. குறுக்குத்துறையில் நீச்சல் பழகியிருக்கிறீர்களா, உடம்பை விறைத்தால் மூழ்குவோம், தளர்த்தினால் ஆறே தாங்கிக்கொள்ளும் என்றீர்கள், விளங்கிவிட்டது. கதவோர இருக்கையைத் தேடுவதும், தண்ணீர்ப் புட்டி இல்லாமல் வெளியே இறங்காததும், ஓயாமல் நாடி பிடித்துப் பார்ப்பதும் என்னைக் காப்பவை அல்ல, ஆபத்து இருக்கிறதென்று மூளைக்கு நாள்தோறும் உறுதி சொல்பவை என்று காட்டி, அவற்றை ஒவ்வொன்றாகக் கைவிடச் செய்தீர்கள். இதயம் படபடக்கும்வரை மாடிப்படி ஏறவைத்ததும், தலைசுற்றும்வரை நாற்காலியில் சுழலவைத்ததும் அப்போது கொடுமையாகத் தோன்றின என்பதை ஒளிக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் படபடப்பும் சுற்றலும் உடலின் சாதாரண வேலைகள்தாம் என்று அங்கேதான் கண்டுகொண்டேன்.

நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுவதையும், கைமுட்டியையும் தோளையும் இறுக்கிப் பின் தளர்த்துவதையும் கற்பித்தபோது நீங்கள் விடுத்த எச்சரிக்கையும் நினைவிருக்கிறது: பயத்தை அடித்துத் துரத்தவென்று மூச்சுப்பயிற்சி செய்தால் அதுவும் ஒரு போராட்டமாகிவிடும், பயம் அதன்பாட்டுக்கு இருக்கட்டும், நீங்கள் உங்கள்பாட்டுக்கு மூச்சு விடுங்கள். பயிற்சிகளைச் சொல்லித்தர இன்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள்; இந்த எச்சரிக்கையைச் சொன்னவர் நீங்கள் ஒருவரே.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குக் காலை ரயிலில் உடன்வரும் சீசன் டிக்கெட் தோழியரே, நாங்குநேரி தாண்டியதும் என் முகம் வெளிறுவதைக் கண்டால் நீங்கள் சுற்றி நின்று விசிறுவதில்லை, சோடா வாங்க ஓடுவதில்லை, பயப்படாதே என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. பூக்கட்டிக்கொண்டிருக்கும் அக்கா தலையை நிமிர்த்தி "வருதா?" என்று மட்டும் கேட்பார், நான் ஆமென்று தலையசைத்ததும், வெளியே தெரியும் ஐந்து பொருள்களைச் சொல்லச் சொல்லிவிட்டுத் தம் பூவைத் தொடர்வார். வள்ளியூருக்கும் ஆரல்வாய்மொழிக்கும் இடையே என் கணக்கில் பெரும்பாலும் ஐந்துமே காற்றாலைகளாகத்தான் இருக்கும், அதற்காக நீங்கள் சிரிப்பதும் எனக்கு நல்ல மருந்துதான்.

விளக்கம் கேட்காமல் பணி நடுவே எழுந்துபோக அனுமதித்த மேலாளருக்கும், மந்திரித்த கயிற்றையும் கட்டி மாத்திரையையும் வேளை தவறாமல் எடுத்துத் தந்த அம்மாவுக்கும் நன்றி.

நள்ளிரவில் பேசிய, அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் ஆலோசகருக்கும் என் வணக்கம். 14416 என்ற அந்த எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம் என்பதை, இதே நிலையில் இருப்போருக்காக இங்கே குறித்துவைக்கிறேன். நெஞ்சுவலி வந்தால் இதுவும் பேனிக் அட்டாக்தான் என்று தாமாகவே முடிவுகட்டாமல், முதலில் மருத்துவமனைக்குச் சென்று இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுமாறும் அவர்களை வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
பாளையங்கோட்டையிலிருந்து உங்கள் சகோதரி