குறியீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் தொகையையும் போடுங்கள்

பொறியியல் கலந்தாய்வை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆண்டிமடத்தில் சிறியதாக ஒரு கணினி மையம் வைத்திருக்கிறேன். பட்டா எடுத்துக் கொடுப்பது, மின்கட்டணம் கட்டுவது, நகல் எடுப்பது என்று ஓடுகிற கடை. ஜூலை வந்தால் மட்டும் வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. 2018-ல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறியதிலிருந்து சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு, எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்தும் விருப்பப் பட்டியலை நிரப்பிக் கொடுத்து வருகிறேன். அந்த மாற்றத்தைக் குறைசொல்ல வரவில்லை. பெண்ணைக் கூட்டிக்கொண்டு இரவு பஸ்ஸில் சென்னை கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய் மரத்தடியில் பெயர் கூப்பிடக் காத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இந்த ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

முந்திரிக்கொட்டை உடைக்கப் போகும் ஓர் அம்மா, தன் மகளோடு வந்தார். கட்-ஆஃப் 200-க்கு 161.5. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவள். சான்றிதழ் கையில் இருந்தது. எட்டாம் வகுப்புவரை அரசு உதவிபெறும் பள்ளி, அதன்பிறகுதான் அரசுப் பள்ளி. ஆகவே ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வர மாட்டாள். ஆறாம் வகுப்பிலேயே பள்ளி மாறாமல் போனது குற்றம் என்று அந்தக் குழந்தைக்கு அப்போது யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வேண்டும் என்றாள். தனியார் கல்லூரி ஒன்றில் அந்தப் பாடம் கிடைக்கும் போலிருந்தது. அரியலூரில் உள்ள பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைக்கும் போலவும் இருந்தது. எதை மேலே போடுவது? தனியார் கல்லூரியை மேலே போட்டேன். அதன் குறியீட்டு எண்ணை நான்தான் தட்டினேன். அந்த விரல் இன்னும் உறுத்துகிறது.

தற்காலிக ஒதுக்கீட்டில் அதுவே வந்தது. உறுதி செய்தோம். அம்மா தோடுகளைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து 40,000 ரூபாயோடு போனார். முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு, இது போதும், மிச்சம்கூட வரும் என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன்.

கல்லூரி அலுவலகத்தில் ஒருவர் துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதினாராம். கல்விக் கட்டணம் 50,000. பஸ் 28,000. வேலைவாய்ப்புப் பயிற்சி 15,000. சீருடை, புத்தகம், ரெக்கார்டு நோட்டு 11,000. இதர வகை 8,000. கூட்டினால் 1,12,000. முதல் பட்டதாரிச் சலுகையா? அரசிடமிருந்து பணம் வந்ததும் திருப்பித் தருவோம், இப்போது முழுதாகக் கட்டுங்கள். பஸ் வேண்டாம், பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்வாள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் கட்ட வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. பேசி முடித்ததும் அந்தக் காகிதத்தை அவர் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அதனால் என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் தொகைகளை மனப்பாடம் செய்துகொண்டே வந்து, என் கடையில் நின்றபடி ஒவ்வொன்றாக ஒப்பித்தார் அந்த அம்மா. கடைசி எட்டாயிரம் எதற்கு என்று மட்டும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அவள் சேரவில்லை. பட்டியலில் மேலே இருந்தது கிடைத்துவிட்டால் கீழே இருந்ததெல்லாம் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல, விதியே உங்களுடையதுதானே. அரியலூர் இடம் வேறு யாருக்கோ போயிருக்கும். அரசு கலைக் கல்லூரியில் காலியாக இருந்த பி.எஸ்சி. இயற்பியலில் இப்போது சேர்ந்திருக்கிறாள். நல்ல படிப்புதான். அவள் தேர்ந்தெடுத்த படிப்பு அல்ல.

நான் கேட்பது ஒன்றே. விருப்பப் பட்டியல் நிரப்பும் பக்கத்தில் ஒவ்வொரு கல்லூரிக் குறியீட்டுக்கும் பக்கத்தில், முதல் ஆண்டு முழுவதற்கும் கல்லூரி வாங்கப்போகும் மொத்தத் தொகையைப் போடுங்கள். கல்லூரி எழுத்தில் ஒப்புக்கொண்ட தொகையாக அது இருக்கட்டும்.

கல்லூரி விவரங்களில் விடுதி, பஸ் கட்டணங்களுக்குக் கட்டங்கள் உண்டே என்று சொல்வீர்கள். உண்டு, பார்த்திருக்கிறேன். பஸ்ஸுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று இருக்கும். கட்டாயம் என்று இருக்காது. பயிற்சிக்குக் கட்டமே கிடையாது, இதர வகைக்கும் கிடையாது. கல்லூரி எழுதித் தந்ததைப் போடுகிறீர்கள். வாங்கியது அதுதானா என்று சேர்ந்த பிள்ளையிடம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிக் கேட்பதில்லை. கலந்தாய்வுக்கு முன்பு மட்டும் எத்தனை குறுஞ்செய்திகள்!

எங்கள் பக்கத்துக் கணக்கில் நீங்கள் காட்டும் துல்லியத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. கணிதம் நூற்றுக்கு, இயற்பியல் ஐம்பதுக்கு, வேதியியல் ஐம்பதுக்கு என்று தசமப் புள்ளிவரை போகிறீர்கள். சமமாக இருந்தால் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல், பிறகு விருப்பப் பாடம் என்று போய், கடைசியில் பிறந்த தேதி, அதுவும் ஒன்றாக இருந்தால் ரேண்டம் எண். பதினேழு வயதுப் பிள்ளையைப் பத்து இலக்கம்வரை அளந்துவிடுகிறீர்கள். எதிர்ப்பக்கம் ஒரு பென்சில் போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கே பெற்றோரின் தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கிவிடுகின்றன. பிள்ளையின் பெயர், மதிப்பெண், ஊர் எல்லாம் சொல்லித்தான் தனியார் கல்லூரிக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். எங்கள் எண் அவர்களுக்கு ஒரே இரவில் போய்ச் சேர்கிறது. அவர்களுடைய கட்டணம் எங்களுக்கு வந்து சேர நான்கு ஆண்டுகள் ஆகின்றன, அதுவும் ஒவ்வொரு செமஸ்டராக. பஸ் நிலையத்துப் பேனர்களில் நூறு சதவீத வேலைவாய்ப்பு என்று ஆளுயர எழுத்து. ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்கில் இருந்தது 2024-ல் வெளியே வந்ததே, அப்போதும் பேனர்கள் ஆடாமல் அசையாமல்தான் நின்றன. கட்டாய நன்கொடையைத் தடுக்க 1992-லேயே சட்டம் இருக்கிறது. அதனால்தான் இப்போது யாரும் நன்கொடை என்று சொல்வதில்லை. பயிற்சி என்கிறார்கள், இதர வகை என்கிறார்கள். தமிழுக்குச் சொல் வளம் கூடியிருக்கிறது.

எங்கோ போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விருப்பங்களை வரிசைப்படுத்துங்கள் என்று எங்களிடம் சொல்கிறீர்கள். நூறு கல்லூரி போடலாம், இருநூறும் போடலாம், மூன்று நாள் அவகாசம் தருகிறீர்கள். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் வரிசையின் முதல் கேள்வியே கட்ட முடியுமா என்பதுதான். அதற்கான விடையை மறைத்துவிட்டு வரிசை கேட்டால், போன வருடம் படித்த மாமா மகன் சொன்ன பெயரையும் பேனரில் பார்த்த பெயரையும் பிள்ளைகள் தாளில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். நானும் தட்டுகிறேன். தொகை தெரிந்திருந்தால் அன்று அரியலூரைத்தான் முதலில் தட்டியிருப்பேன்.

ஆகவே மறுபடியும் பணிவுடன் கேட்கிறேன். அடுத்த கலந்தாய்வுக்குள் குறியீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் மொத்தத் தொகையைப் போடுங்கள். அதற்கு மேல் வாங்கியது தெரிந்தால் அந்தக் கல்லூரியை என்ன செய்வீர்கள் என்பதையும் அதன் கீழேயே எழுதுங்கள். முதல் பட்டதாரிச் சலுகையைக் கழித்துவிட்டுத்தான் கட்டணம் வாங்க வேண்டும் என்று ஒதுக்கீட்டு ஆணையிலேயே தமிழில் ஒரு வரி அச்சிடுங்கள். கல்லூரி அலுவலகத்தில் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்ட முடிய வேண்டும்; எங்கள் ஊர் அம்மாக்களுக்கு அது போதும்.

அந்தத் தோடுகள் இன்னும் வங்கியில்தான் இருக்கின்றன. கடன் வாங்கிய 40,000 ரூபாயில் ஒரு பகுதி போக்குவரத்துக்கும் புதுச் சேர்க்கைக்கும் செலவாகிவிட்டது. மீட்பதற்கு அடுத்த முந்திரிப் பருவம் வர வேண்டும் என்றார்.

இப்படிக்கு,
ஆண்டிமடத்திலிருந்து ஒரு கணினி மையக்காரன்