அத்தை எப்போது சித்தியானார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ரோஜாப் போர்கள் (பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அரியணைக்காக நடந்த உள்நாட்டுச் சண்டை) பற்றி வந்த கட்டுரையை மூன்று முறை படித்தேன். முதல் முறை ஆசையாக. மற்ற இரண்டு முறை நம்ப முடியாமல். 1461-ல் வாரிக் ஏர்ல் ரிச்சர்ட் நெவில் (ஏர்ல் என்பது அங்கே பிரபுக்களில் ஒரு படிப் பட்டம்; இவரைப் பட்டப் பெயரால் வாரிக் என்றே சொல்கிறேன்) "தன் சித்தி மகன் எட்வர்டை" இங்கிலாந்தின் அரியணையில் ஏற்றினாராம்.

எட்வர்டின் தாய் சிசிலி நெவில், வாரிக்கின் அப்பாவோடு கூடப் பிறந்த தங்கை. அப்பாவின் தங்கையை நம் வீடுகளில் என்ன சொல்லிக் கூப்பிடுவோம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. இங்கிலீஷ்காரர்களுக்கு எல்லோரும் ஆன்ட்டிதான், பாவம். நமக்கு அத்தை என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை எடுத்துப் போட என்ன வலிக்கிறது?

ஒரு சொல்தானே என்பீர்கள். வினை அடுத்த பக்கத்திலேயே வந்துவிட்டது. 1469-ல் வாரிக் தன் மூத்த மகள் இசபெல்லை எட்வர்டின் தம்பி ஜார்ஜுக்குக் கலே நகரில் கட்டிவைத்தார் என்று எழுதியிருக்கிறது. தங்கள் கணக்கில் ஜார்ஜ் அந்தப் பெண்ணுக்குச் சித்தப்பா! என் மனைவி அந்த இடத்தைப் படித்ததும் "கருமம்" என்று இதழை மூடிவைத்துவிட்டாள். அத்தை மகன் என்று சரியாக எழுதியிருந்தால் ஜார்ஜ் வாரிக்குக்கு மச்சான், பெண்ணுக்கு மாமன் முறை. நம் பக்கம் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அங்கேதான் நெருங்கிய ரத்த உறவு என்று போப்பாண்டவரிடம் விலக்கு வாங்க வேண்டியிருந்தது. எழுத வேண்டிய வேடிக்கை அது.

அப்புறம் அந்த வம்சாவளிப் படம். கட்டம் கட்டமாக ஆண்கள். தாய்மார் ஒருவரையும் காணோம். நான் 32 வருடம் வருவாய்த் துறையில் இருந்தவன். வாரிசுச் சான்று விசாரணைக்குப் போனால் முதலில் கேட்பதே "எத்தனை தாரம்?" என்பதுதான். வாரிக்கின் தாத்தா ரால்ஃப் நெவில், 1397-ல் வெஸ்ட்மர்லாந்து ஏர்ல் ஆனவர், இரண்டு தாரம் கட்டியவர். பிள்ளைகள் இருபதுக்கும் மேல். பட்டம் மூத்த தாரத்துப் பேரனுக்குப் போனது. நிலத்தில் பெரும்பகுதி இளைய தாரம் ஜோன் போஃபர்ட்டின் பிள்ளைகளுக்குப் போனது. விடுவார்களா? 1443 வரை அடிதடி. தங்கள் படத்தில் எல்லோரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கிறார்கள்.

என் மகன் டர்ஹம் பக்கம் வேலையில் இருந்தபோது ஸ்டெயின்ட்ராப் சர்ச்சுக்குக் கூட்டிப்போனான். அலபாஸ்டர் கல்லில் ரால்ஃப் கவசத்தோடு படுத்திருக்கிறார், இரண்டு பக்கமும் இரண்டு மனைவிகள். ஆனால் ஜோனை அடக்கம் செய்தது அங்கே இல்லை. லிங்கன் பேராலயத்தில், தன் தாய் கேத்தரின் பக்கத்தில். அந்தக் கல்லைச் சுற்றி வந்தபோது எனக்குப் புரிந்த குடும்பம், தங்கள் படத்தைப் பார்த்ததும் குழம்பிவிட்டது.

வாரிக் பட்டம் "தந்தை வழியில்" வந்தது என்றும் ஒரு வரி. அது மனைவி ஆன் பீச்சம் வழி வந்தது. அப்பாவின் சாலிஸ்பரி பட்டமும் அப்படியே, அவர் மனைவி ஆலிஸ் மான்டகு வழி. நெவில் என்ற குடும்பப் பெயரே ஒரு தாயிடமிருந்து வந்ததுதான். இப்படிப்பட்ட வம்சத்துக்குப் பெண்களே இல்லாத படம்!

அந்த ஆன் பீச்சம் பட்ட பாடு தெரியுமா? 1471-ல் புருஷன் பார்னெட் போரில் செத்தார். இரண்டு மாப்பிள்ளைகளும் சொத்தைப் பிரித்துக்கொள்வதற்காக, 1474-ல் பாராளுமன்றம் அந்த அம்மாளை இறந்தவராகக் கருதும்படி சட்டம் போட்டது. அவர் 1492 வரை உயிரோடிருந்தார். எனக்கு இது கதை இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அலுவலகத்தின் ஏட்டில் நானும் செத்துக் கிடந்தேன். வாழ்நாள் சான்றோடு நேரில் போய் நின்றபோது, "பெரியவரே, கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லையே" என்றார்கள். பென்ஷன் வர ஐந்து மாதம் ஆனது. அந்த அம்மாளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இருக்கும் என்று தேடினேன். இல்லை.

டியூக், ஏர்ல், பாரன் எல்லோருக்கும் "பிரபு" என்றே போடுகிறீர்கள் என்று போன வருடம் எழுதியிருந்தேன். கடிதத்தைப் பிரசுரித்தீர்கள், நன்றி. அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டீர்கள். இடம் இல்லாமல் இருந்திருக்கும். எதிர்ப்பக்கம் முழுவதும் நகைக்கடை விளம்பரம்.

அடுத்த இதழில் ஒரு வரி போதும்: "சித்தி மகன் என்பதை அத்தை மகன் என்று திருத்திப் படிக்கவும்."

இப்படிக்கு,
19 வருடச் சந்தாதாரர்,
ஓய்வு பெற்ற வருவாய் ஆய்வாளர்,
தென்காசி.