பாப்பாவின் தலைப் பொருக்கும் என் நகமும்

கண்ணா,

நேற்று வீடியோவில் பாப்பாவின் தலையைக் காட்டினாயே, உச்சியைச் சுற்றி மஞ்சளாக, கழுவாமல் விட்ட தோசைக்கல்லில் மாவு காய்ந்து ஒட்டியிருப்பது போல, புருவத்திலும் கொஞ்சம், பார்த்ததும் உன் தலைதான் ஞாபகம் வந்தது. அதுகூடப் பரவாயில்லை. பெரியம்மா பக்கத்திலிருந்து "சரியாத் தேய்ச்சுக் குளிப்பாட்டலை, அதான்" என்றதும் உன் மனைவியின் முகம் வாடியதே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அது அழுக்கு இல்லை. பிறப்பதற்கு முன் தாயிடமிருந்து வந்த ஹார்மோன் இன்னும் குழந்தை உடம்பில் இருப்பதால் தலைத்தோலில் எண்ணெய்ப்பசை கூடுதலாகச் சுரக்கிறது, எல்லோர் தோலிலும் இருக்கிற ஒருவகைப் பூஞ்சையும் அதில் சேர்ந்துகொள்கிறது, உதிர வேண்டிய தோல் உதிராமல் ஒட்டிப் பொருக்காகிறது என்பதுதான் டாக்டர்கள் சொல்லும் காரணம். மற்றவர்களுக்குத் தொற்றாது, பெரும்பாலும் அரிக்கவும் அரிக்காது. பாப்பா தூங்குகிறாள், பால் குடிக்கிறாள், பார்க்கிற நமக்குத்தான் கை துறுதுறு என்கிறது.

எனக்கும் துறுதுறுத்தது. உனக்கு இரண்டு மாதம் இருக்கும், ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறவைத்து, காலையில் மடியில் போட்டு நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்தேன், ஏதோ பெரிய வேலை முடித்த மாதிரி திருப்தி வேறு. மறுநாள் அந்த இடம் சிவந்து நீர் வடிந்தது. டாக்டர் என் நகத்தைத்தான் முதலில் பார்த்தார்! அதனால் சொல்கிறேன், நகம் வைக்காதே.

குளிப்பாட்டுவதற்குக் கால்மணி நேரம் முன்னால் சாதாரண பேபி ஆயிலோ வாஸ்லினோ கொஞ்சமாகத் தடவு. நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய் எல்லாம் வேண்டாம், அந்தப் பூஞ்சைக்கு அதுவே தீனி. பொருக்கு இளகியதும் மெத்தென்ற பிரஷ்ஷால் லேசாகச் சுற்றிவிட்டு, குழந்தை ஷாம்பூ போட்டு எண்ணெய் துளியும் தங்காமல் அலசிவிடு. தங்கினால் பொருக்கு இன்னும் ஒட்டிக்கொள்ளும். உச்சிக்குழி மேலும் பிரஷ் போகலாம், அழுத்தாமல். ஒரே நாளில் எல்லாம் வந்துவிடாது, வருகிறது வரட்டும்.

பொருக்கோடு தலைமுடியும் உதிர்ந்து வரும், பயப்படாதே, மறுபடி முளைத்துவிடும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் பெரும்பாலும் தானாகவே போய்விடும். ரத்தமோ நீரோ கசிந்தால், வீங்கினால், நாற்றம் வந்தால், முகத்துக்கும் உடம்புக்கும் பரவினால், இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தும் குறையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டு. பொடுகு ஷாம்பூவையோ ஸ்டீராய்டு கிரீமையோ நீயாக மருந்துக்கடையில் வாங்கிப் போடாதே, அதெல்லாம் அவர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

அப்புறம், இந்தக் குளியல் வேலையை ஞாயிற்றுக்கிழமையாவது நீ செய். உன் மனைவி தூங்கட்டும். பெரியம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், அவள் மகன் தலையில் இதே பொருக்கு இருந்ததை நேரில் பார்த்தவள் நான்.

அம்மா