சுவிஸ் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஆலய நிர்வாக சபைகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டு மேசையில் நடந்தது இது. எனக்கு எதிரே இருந்தவர் உங்களில் ஒருவர். பெயர் வேண்டாம். பாயாசம் வருகிற நேரம் கதை அகதிகள் பக்கம் திரும்பியது. "எரித்திரியாக்காரன் எல்லாம் சோசல் காசில இருக்கிறான். நாங்கள் கோப்பை கழுவி முன்னுக்கு வந்தனாங்கள். நான் போன முறையும் எஸ்விபிக்குத்தான் போட்டனான், இனியும் போடுவன்" என்றார். எஸ்விபி என்றால் குடியேற்றத்தை எதிர்க்கிற வலதுசாரிச் சுவிஸ் மக்கள் கட்சி, சோசல் காசு என்றால் அரசாங்கம் கொடுக்கிற உதவிப் பணம். மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்தோம். ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை. நானும்தான். பாயாசத்தைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

நானும் கோப்பை கழுவியவன்தான். 1986இல் வந்தேன். முதல் மூன்று மாதம் நிலத்துக்குக் கீழே, போர் வந்தால் ஒளிவதற்கென்று கட்டிய பதுங்கிடத்தில், மூன்றடுக்குக் கட்டில்களில் படுத்தோம். அப்புறம் பேர்ன் நகரில் ஒரு உணவகத்தின் குசினி. அங்கே என் பக்கத்தில் நின்று சட்டி தேய்த்தவர் ஒரு இத்தாலிக்காரர், கலாப்ரியா பக்கம். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். எனக்கு ஜேர்மன் தெரியாது, அவருக்கும் அரைகுறை. ஆனாலும் இரண்டு வருஷத்தில் அவர் கதை முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

அறுபதுகளில் பருவகாலத் தொழிலாளியாக வந்தவர். எல்லையில், பிரிக் ரயில் நிலையத்தில், சட்டையைக் கழற்றி வரிசையில் நிறுத்தி நெஞ்சை எக்ஸ்ரே பிடித்தார்களாம். காசநோய் இருந்தால் அடுத்த ரயிலில் திரும்ப வேண்டும். அனுமதி ஒன்பது மாதத்துக்கு. படுக்கப் பலகைக் கொட்டில். மனைவி பிள்ளைகளைக் கூட்டிவர உரிமை இல்லை. அவர் கூட்டிவந்தார், களவாக. நான்கு வயதுப் பெண் பிள்ளை பகல் முழுக்க ஒரு அறைக்குள். ஜன்னல் பக்கம் போகக் கூடாது, பாட்டுப் பாடக் கூடாது, யாராவது கதவைத் தட்டினால் கட்டிலுக்குக் கீழே போய்விட வேண்டும். இப்படி ஒளித்து வளர்க்கப்பட்ட பிள்ளைகள் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பருவகாலச் சட்டம் ஒழிந்தது 2002இல்தான்.

1965 ஆகஸ்ட் 30ஆம் தேதி வலே மாநிலத்தில் மாட்மார்க் அணைக்கட்டு வேலைத்தலத்தின் மேல் பனிப்பாறை இடிந்து விழுந்து 88 பேர் இறந்தார்கள். அவர்களில் 56 பேர் இத்தாலியர். வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 17 பேரும் விடுதலையானார்கள். மேன்முறையீடு செய்த குடும்பங்களிடம் வழக்குச் செலவில் பாதியைக் கேட்டார்கள். அணைக்கட்டு வேண்டும், கட்டுகிறவன் வேண்டாம். ஐந்தே வருஷத்தில் இந்த எண்ணம் வாக்குச்சீட்டில் வந்தது.

ஜேம்ஸ் ஷ்வார்ட்சன்பாக் என்ற பெயரை உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். தெரியாது என்பார்கள். சூரிச்சின் பெரிய தொழிலதிபர் குடும்பத்தில் பிறந்த மனிதர். தொழிலாளியின் காவலன் என்று மேடை ஏறினார். ஜெனீவா தவிர எந்த மாநிலத்திலும் வெளிநாட்டவர் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றார். அதற்கு அவர்கள் வைத்திருந்த சொல் 'ஊபர்ஃப்ரெம்டுங்'. அந்நியர் பெருகி ஊரே அந்நியமாகிப் போவது என்று பொருள் கொள்ளலாம். 1970 ஜூன் 7இல் வாக்கெடுப்பு. நான்கில் மூன்று பேர் வாக்களித்தார்கள், எல்லோரும் ஆண்கள். பெண்களுக்கு மத்திய வாக்குரிமை வந்தது அடுத்த வருஷம். 46 சதவீதம் 'ஆம்'. வென்றிருந்தால் மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வெளியேற வேண்டியிருந்திருக்கும். என் கூட்டாளி அன்று பின்னேரம் சூட்கேசை அடுக்கிக் கதவடியில் வைத்துவிட்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தாராம்.

தோற்றதுதானே என்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. வாக்கெடுப்புக்கு மூன்று மாதம் முன்பே, அந்த மார்ச்சில், அரசாங்கம் தானாகவே வெளிநாட்டுத் தொழிலாளருக்கு நாடளாவிய உச்சவரம்பு வைத்துவிட்டது. எதிரியிடமிருந்து வாக்கைக் காப்பாற்ற அவன் கேட்டதில் பாதியைக் கொடுப்பது. இப்படித் தோற்றே வெல்லுகிற வித்தையை ஐரோப்பா முழுக்கப் பார்க்கலாம். ஜேர்மனியில் 1992 ஆகஸ்டில், ரோஸ்டாக் நகரின் லிக்டன்ஹாகனில், வியட்நாமியத் தொழிலாளர் இருந்த கட்டடத்துக்கு நெருப்பு வைத்தார்கள். அயல் சனம் கீழே நின்று கைதட்டியது. அரசியல்வாதிகள் எடுத்த முடிவு என்ன? தஞ்சம் கோரும் உரிமையை அரசியலமைப்பில் சுருக்குவது. 1993 மே 26இல் பாராளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். மூன்றாம் நாள், மே 29இல், சோலிங்கனில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீடு எரிந்து ஐந்து பெண்களும் சிறுமிகளும் செத்தார்கள். நெருப்பு வைக்கிறவனுக்கு விட்டுக்கொடுத்தால் அவன் தணிவான் என்று அவர்கள் போட்ட கணக்குக்கு மூன்று நாளுக்குள் விடை வந்துவிட்டது.

சரி, எங்கள் கதைக்கு வருவோம். எண்பதுகளில் இந்த நாட்டுப் பத்திரிகைகளில் தமிழன் என்றால் யார்? பேர்ன் ரயில் நிலையத்தில் கறுப்புத் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஹெரோயின் விற்கிறவன். தோல் ஜாக்கெட் தமிழர் என்றே ஒரு பெயர். என்னிடமும் ஒரு தோல் ஜாக்கெட் இருந்தது. பழைய உடுப்புக் கடையில் பன்னிரண்டு பிராங்குக்கு வாங்கியது, குளிருக்கு. அதைப் போட்டுக்கொண்டு டிராமில் ஏறினால் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே இருக்கும். பிறகு குளிரில் நடுங்கினாலும் பரவாயில்லை என்று அதைப் போடுவதை விட்டுவிட்டேன். 1987 ஏப்ரலில் தஞ்சச் சட்டத்தை இறுக்கும் வாக்கெடுப்பு வந்தது, மூன்றில் இரண்டு பங்கு சனம் 'ஆம்' என்றது. அந்த நாட்களில் அவர்கள் மனதில் இருந்த அகதியின் முகம் எங்கள் முகம்தான். 1989 ஜூலையில் சூர் நகரில் தமிழர் தங்கியிருந்த வீடு எரிந்து நான்கு பேர் இறந்தார்கள். அதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. உங்கள் மண்டபங்களில் எத்தனையோ நினைவேந்தல்கள் நடக்கின்றன. அந்த நால்வருக்கு விளக்கு ஏற்றி நான் ஒரு முறைகூடக் கண்டதில்லை.

1987 வாக்கெடுப்பு நடந்த கிழமை, சூட்கேசைக் கதவடியில் வைத்த அதே இத்தாலிக்காரர், கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நாங்கள் வேலை செய்ய வந்தோம். உன் ஆட்கள் சும்மா வருகிறார்கள். உங்களால் எங்களுக்கும் கெட்ட பெயர்." எனக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. பிள்ளையைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்த மனிதன் இப்படிச் சொல்வானா? கலியாண வீட்டில் பாயாசக் கிண்ணத்தோடு இருந்தபோது அவர் குரல்தான் கேட்டது, ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து, சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில்.

எங்கள் ஆட்கள் நம்புகிற கதை இது: நாங்கள் ஒழுக்கமாக உழைத்தோம், ஆகவே ஏற்றுக்கொண்டார்கள். உழைத்தது உண்மை. ஆனால் 1987இலும் நாங்கள் அதே அளவு உழைத்துக்கொண்டுதான் இருந்தோம், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம். இடையில் மாறியது என்ன என்றால், தொண்ணூறுகளில் யூகோஸ்லாவியா உடைந்தது, கொசோவோக்காரர் வந்தார்கள், சுவரொட்டியில் இருந்த முகம் மாறியது. லுசேர்ன் மாநிலத்தில் எம்மன் என்று ஒரு ஊர். 2000 மார்ச்சில் அங்கே குடியுரிமை கேட்ட 56 பேரின் விவரங்களைப் படத்தோடு அச்சடித்து வீடு வீடாக அனுப்பி, ஊரார் வாக்குப்போட்டு முடிவு செய்தார்கள். எட்டுப் பேரை ஏற்றார்கள். எட்டுப் பேரும் இத்தாலியர். முன்னாள் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த ஒருவர்கூட இல்லை. ஷ்வார்ட்சன்பாக் வெளியேற்றப் பார்த்தவர்களை முப்பதே வருஷத்தில் ஊர் தன் ஆட்களாக்கிக்கொண்டது. வெறுப்பு ஆள் மாறிப் போயிருந்தது, அவ்வளவுதான். இப்படி வாக்குப்போடுவது செல்லாது என்று 2003இல் மத்திய நீதிமன்றம் சொன்னது.

கோயில் நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. ஓல்டன் நகருக்கு ஒரு பக்கம் வாங்கன் என்ற ஊர். அங்கே துருக்கியர் சங்கக் கட்டடத்தின் மேல் ஆறு மீட்டர் உயரத்தில் ஒரு மினாரட், அதாவது பள்ளிவாசல் கோபுரம், நிற்கிறது. அயலவரின் எதிர்ப்பு மத்திய நீதிமன்றம்வரை போய், 2009 ஜனவரியில்தான் அதை நட்டார்கள். அதே வருஷம் நவம்பர் 29இல் 57.5 சதவீத வாக்கோடு இனி மினாரட் கட்டக் கூடாது என்று தடை வந்தது. நாடு முழுக்க அப்போது இருந்தவை நான்கே நான்கு. அரசியலமைப்பின் 72ஆம் பிரிவில் இன்றும் அந்த ஒற்றை வரி இருக்கிறது. ஓல்டனுக்கு மறுபக்கம் திரிம்பாக், எங்கள் மனோன்மணி அம்பாள் ஆலயம். நான் தேருக்குப் போகும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். அங்கே வைத்தே ஒருவர் என்னிடம், "அது முஸ்லிம்களுக்கு எதிரான சட்டம், எங்களுக்கு என்ன?" என்று கேட்டார். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு என் பங்கை மறைத்தால் அது மரியாதை இல்லை. 2010 நவம்பரில் குற்றம் செய்த வெளிநாட்டவரை நாடுகடத்தும் முன்மொழிவு வந்தபோது, நான் 'ஆம்' என்று எழுதித் தபால் பெட்டியில் போட்டவன். வெள்ளை ஆடுகள் கறுப்பு ஆட்டை உதைத்து வெளியேற்றுகிற படம் 2007இலிருந்தே சுவர்களில் இருந்தது. என் நிறத்தை நான் கண்ணாடியில் பார்க்காமலா இருந்தேன்? ஆனாலும் 'ஆம்'. கள்ளனைத்தானே அனுப்புகிறார்கள் என்ற நினைப்பு. 52.9 சதவீதத்தில் நானும் ஒரு துளி. என் தங்கையின் மகன் இங்கேயே பிறந்தவன், அப்போது சி காட்டில், அதாவது குடியுரிமை இல்லாமல் நிரந்தர வதிவிட அனுமதியில், இருந்தான். "மாமா, அந்தப் பட்டியலில் கொலை மட்டுமா இருக்கு? சோசல் காசை முறைகேடாக எடுத்தாலும் நாடு கடத்தலாம். என்னை எங்கே அனுப்புவார்கள், நான் பார்க்காத யாழ்ப்பாணத்துக்கா?" என்று அவன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. வாக்கெடுப்பை விளக்கி அரசாங்கம் அனுப்புகிற அந்தச் சின்ன சிவப்புப் புத்தகத்தை நான் திறந்தே பார்த்திருக்கவில்லை. 2016 பெப்ரவரியில் இதை இன்னும் கடுமையாக்கும் முன்மொழிவு வந்தது. அந்த முறை அவனோடு இருந்து வரி வரியாக வாசித்து 'இல்லை' என்று போட்டேன். 58.9 சதவீதம் 'இல்லை' என்றது. இப்படியும் இந்த நாடு சொல்லும், அதையும் மறக்கக் கூடாது.

எஸ்விபிக்குப் போடுகிற எல்லோரும் இனவாதிகள் என்று நான் சொல்லவில்லை. 2023இல் 27.9 சதவீதம் அவர்களுக்குப் போட்டது. நான்கில் ஒருவருக்கு மேல். என் பக்கத்து வீட்டு விவசாயியும் அவர்களில் ஒருவர், வருஷா வருஷம் ஒரு பெட்டி ஆப்பிள் கொண்டுவந்து தருவார். வீட்டு வாடகை ஏறுகிறது, காலை ரயிலில் நிற்க இடமில்லை, மருத்துவக் காப்புறுதி கட்டி மாளவில்லை. இவை பொய்க் கவலைகளா? இல்லை. அந்தக் கவலையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு முகத்தைக் காட்டி இவனால்தான் என்று சொல்வதுதான் இந்த அரசியலின் வேலை. பிரான்சில் 1972இல் தேசிய முன்னணிக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஹிட்லரின் ஆயுதப்படை எஸ்எஸ்ஸில் இருந்த ஒருவரும் உண்டு. 2018இல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஆஸ்திரிய சுதந்திரக் கட்சியின் முதல் தலைவரும் எஸ்எஸ் அதிகாரியாக இருந்தவர். அந்தக் கட்சி 2024 தேர்தலில் முதலிடம். எஸ்விபிக்கு அப்படிப் பூர்வீகம் இல்லை, அது விவசாயிகள் கட்சியிலிருந்து வந்தது. ஆனால் சுவரொட்டி என்று வந்தால் யாரிடமிருந்து யார் படித்தார்கள் என்று சொல்லவே முடியாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கோயில் வாட்ஸ்அப் குழுக்களில், அபிஷேக நேரத்துக்கும் அன்னதான அறிவித்தலுக்கும் நடுவே, அகதிகளைப் பற்றிய வீடியோக்கள் வருகின்றன. குழுவை நடத்துபவர்கள் நீங்கள்தான், நிறுத்துங்கள். ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தைத் திறந்து, அந்தச் சிவப்புப் புத்தகத்தைத் தமிழில் வாசித்து விளக்க ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு பக்க நியாயமும் வரட்டும், எனக்குப் பயமில்லை. ஜேர்மனில் தடுமாறுகிற வயதானவர்கள் என்னைப்போல் புத்தகத்தைத் திறக்காமலே போடுகிறார்கள் அல்லது பிள்ளை சொன்னபடி போடுகிறார்கள். தமிழ்ப் பள்ளியில் பண்டாரவன்னியன் பாடத்துக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் எண்பதுகளின் பேர்னுக்கும் சூருக்கும் ஒதுக்குங்கள். பதுங்கிடத்தில் படுத்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறோம், அறுபது தாண்டிவிட்டது, நினைவு இன்னும் கலங்கவில்லை. அந்த எரித்திரியர்களும் பக்கத்துத் தேவாலய மண்டபத்தில்தான் கூடுகிறார்கள். தேர்த்திருவிழா அன்னதானத்துக்கு ஒரு அழைப்பு அனுப்பினால் சோறு குறையாது.

அடுத்த நிர்வாகக் கூட்டம் எப்போது என்று அறியத் தாருங்கள், வருகிறேன். அந்த ஜாக்கெட் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. எனக்கு இப்போது கை ஏறாது, உள்துணியும் கிழிந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும் என்று கொண்டுவருவேன். கொளுவி வைக்க ஒரு ஹேங்கர் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
1986இல் வந்த ஒரு கோப்பை கழுவி,
பேர்ன்.